புகைக்கும் ஒரு பேரேடு: நிறுவனங்கள் வாயு வெளியேற்றத்தைக் குறைத்த வரலாறு

முன்னுரை

புவி வெப்பமடைதல் என்றாலே நம் நினைவுக்கு வருவது உருகும் பனிப்பாறையும் உலக மாநாடுகளும்தான். 1992-ல் ரியோ, 1997-ல் கியோட்டோ, 2015-ல் பாரிஸ் என்று நாடுகள் கூடிப் பேசிய வரலாறு எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் பசுமை இல்ல வாயுக்கள் மாநாட்டு மண்டபத்தில் பிறப்பதில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையின் பாய்லரில், பம்பில், ஏதோ ஓர் அலுவலகத்தின் ஜெனரேட்டரில் பிறக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், மனிதர்கள் வேலை செய்யும் இடங்களில்.

அந்த இடங்களில் என்ன நடந்தது என்ற வரலாறு அதிகம் எழுதப்படுவதில்லை. நான் வணிகவியல் மாணவன். பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். ஆனாலும் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது எங்கள் பாடம்தான் என்ற எண்ணம் உறுதியானது. ஏனென்றால் புகை குறைந்த இடங்களில் எல்லாம் முதலில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அதற்கென்று ஒரு கணக்கு தொடங்கினார்கள். கணக்கு மூடப்பட்ட இடத்தில் முயற்சியும் நின்றது. கணக்கின் எல்லையைக் குறுக்கிப் போட்ட இடத்தில் சாதனையும் அந்த எல்லைக்குள்ளேயே முடிந்துபோனது.

மூன்று நிறுவனங்களின் கதையை வைத்து இதைப் பார்க்கலாம்.

எண்ணெய் விலை கற்றுக்கொடுத்த பாடம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. அதற்கு முன் பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களிலேயே 12 டாலரை நெருங்கியது. எரிபொருள் என்பது தண்ணீர் மாதிரி எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்திருந்த அமெரிக்க, ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அப்போதுதான் முதன்முறையாகத் தங்கள் எரிபொருள் பில்லை உற்றுப் பார்த்தன.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை மாசு என்றால், வெளியே வந்த பிறகு வடிகட்டுவது, சுத்திகரிப்பது என்றுதான் பொருள். அதனால் அது வெறும் செலவு. 1975-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஜோசப் லிங் என்ற பொறியாளர் இதைத் திருப்பிப் போட்டார். வெளியே போகும் கழிவு ஒவ்வொன்றும் நாம் காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள்தானே? அது உருவாகாமலே தடுத்தால் மிச்சம்தானே? "மாசைத் தடுத்தால் லாபம்" என்ற பொருளில் அவர் தொடங்கிய திட்டத்தில் ஊழியர்கள் தாங்களாக யோசனை சொல்லலாம். எந்த யோசனையால் எவ்வளவு மிச்சம் என்று எழுதி வைத்தார்கள்.

அப்போது யாரும் கரியமில வாயுவைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் பின்னால் வந்த எல்லா முயற்சிகளுக்கும் விதை இதுதான்.

லூசியானாவில் ஒரு போட்டி

முதல் கதை டவ் கெமிக்கல். 2001-ல் யூனியன் கார்பைடை வாங்கிய அதே நிறுவனம். போபாலை மறக்காத நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கசக்கும். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நிறுவனத்தின் லூசியானா பிரிவில் நடந்த ஒரு விஷயம் படிக்க வேண்டியது.

அங்கே சுமார் 2,400 பேர் வேலை செய்தார்கள். கென் நெல்சன் என்ற பொறியாளர் 1980-களின் தொடக்கத்தில் ஊழியர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். எரிபொருளை மிச்சப்படுத்த யோசனை சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் முதலீடு 2 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். போட்ட பணம் ஓராண்டுக்குள் திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான் விதி.

1982-ல் 27 யோசனைகள் தேர்வாயின. மொத்த முதலீடு 17 லட்சம் டாலர். சராசரி ஆதாயம் ஆண்டுக்கு 173 விழுக்காடு! எங்கள் பாடப்புத்தகக் கணக்குகளில் 15 விழுக்காடு வந்தாலே நல்ல திட்டம் என்று விடை எழுதுவோம்.

இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? சுலபமானதெல்லாம் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது, இனி மிச்சம் இருக்காது என்றுதானே? அங்கேயும் அப்படித்தான் நினைத்தார்கள். மறு ஆண்டு 32 யோசனைகள் தேர்வாயின. முதலீடு 22 லட்சம் டாலர். ஆதாயம் 340 விழுக்காடு!

இப்படியே ஆண்டுதோறும் போட்டி தொடர்ந்தது. நடைமுறைக்கு வந்த யோசனைகளில் 575-ஐப் பின்னால் தணிக்கை செய்து பார்த்தபோது சராசரி ஆதாயம் 204 விழுக்காடு என்று தெரிந்தது. ஆண்டுக்கு 11 கோடி டாலர் மிச்சம். இந்தத் தணிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "இவ்வளவு மிச்சமாகும்" என்று யோசனை சொல்லும்போது போடும் கணக்கு வேறு. "இவ்வளவு மிச்சமானது" என்று பிறகு சரிபார்ப்பது வேறு.

இந்த யோசனைகளைச் சொன்னவர்கள் ஆலோசனை நிறுவனத்தார் அல்ல. தினமும் அந்த வால்வுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் நிற்பவர்கள். எந்த இடத்தில் நீராவி வீணாகிறது, எந்தப் பம்பு தேவையில்லாமல் ஓடுகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல ஒரு வழியும், சொன்னால் பதிவு செய்ய ஒரு நோட்டும் அதுவரை இல்லை.

கதையின் முடிவுதான் வருத்தம் தருகிறது. 1993-ல் நெல்சன் ஓய்வு பெற்றார். போட்டியும் அத்தோடு நின்றது. இருநூறு விழுக்காடு ஆதாயம் தந்த ஒரு திட்டத்தை எந்த வியாபாரியாவது நிறுத்துவாரா? நிறுத்தினார்கள். காரணம், அந்தக் கணக்கு நிறுவனத்தின் கணக்காக இருக்கவில்லை. ஒரு மனிதரின் கணக்காக இருந்தது.

தரைவிரிப்பு வியாபாரியின் மனமாற்றம்

இரண்டாவது கதை இன்டர்ஃபேஸ். அலுவலகங்களில் சதுரம் சதுரமாகப் பதிக்கும் தரைவிரிப்பு தயாரிக்கும் நிறுவனம். 1973-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரே ஆண்டர்சன் என்பவர் தொடங்கியது. தரைவிரிப்பின் நைலான் நூலும், அடியில் ஒட்டும் பொருளும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. போதாததற்குத் தயாரிக்கும்போதும் எரிபொருள் செலவு.

1994-ல் வாடிக்கையாளர்கள், "சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டர்சனிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் பால் ஹாக்கன் எழுதிய 'தி எகாலஜி ஆஃப் காமர்ஸ்' என்ற புத்தகம் அவர் கைக்கு வந்தது. படித்தபின் அவர் போக்கே மாறிவிட்டது. 2020-க்குள் சுற்றுச்சூழலுக்குத் தன் நிறுவனத்தால் வரும் கெடுதலைச் சுழியமாக்குவது என்ற இலக்குக்கு நிறுவனத்தைத் திருப்பினார்.

இவர்களுடைய ஷாங்காய் தொழிற்சாலை பற்றிய ஒரு சம்பவம் பொறியியல் மாணவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். 1990-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு திரவத்தைச் சுற்றி ஓடவிடும் அமைப்பு தேவைப்பட்டது. முதல் வடிவமைப்பில் பம்புகளுக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் தேவை என்று கணக்கிட்டிருந்தார்கள். இன்டர்ஃபேஸின் பொறியாளர் யான் ஷில்ஹாம் இரண்டே மாற்றம் செய்தார். ஒல்லிக் குழாய்க்குப் பதில் பருத்த குழாய் போட்டார். இயந்திரங்களை வைத்துவிட்டு அவற்றுக்கேற்பக் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோகாமல், முதலில் குழாயை நேராகப் போட்டுவிட்டு அதற்கேற்ப இயந்திரங்களை வைத்தார். தேவை 7 குதிரைத்திறனாகக் குறைந்தது. அதாவது 92 விழுக்காடு மிச்சம்!

இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒரே அளவு திரவம் ஓடும்போது, குழாயின் விட்டம் கூடினால் உராய்வு மிக வேகமாகக் குறையும் (ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக) என்பது பழைய பாடம். பிறகு ஏன் எல்லோரும் ஒல்லிக் குழாயே வாங்கினார்கள்? குழாய்ச் செலவை ஒரு தலைப்பிலும், பம்பு, மோட்டார், மின்சாரச் செலவை வேறு தலைப்புகளிலும் பார்த்ததால்தான். குழாயை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒல்லிக் குழாய்தான் மலிவு. எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டினால் பருத்த குழாய் மலிவு. மோட்டார் சின்னதாகிவிடுவதால் ஆரம்ப முதலீடே குறைந்தது.

கணக்குத் தலைப்பு ஆண்டர்சனையும் ஒருமுறை தோற்கடித்தது. தரைவிரிப்பை விற்காமல் வாடகைக்கு விடலாம் என்று 1990-களின் நடுவில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மாதாமாதம் கட்டணம். தேய்ந்த சதுரத்தை மட்டும் கம்பெனியே எடுத்துச் சென்று மறுசுழற்சி செய்யும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் வாங்க ஆள் இல்லை. வாடிக்கையாளர் நிறுவனங்களில் தரைவிரிப்பு வாங்குவது மூலதனச் செலவு. அதைச் சுத்தம் செய்வது பராமரிப்புச் செலவு. இரண்டையும் வெவ்வேறு துறைகள் பார்த்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து "ஆமாம், இது லாபம்" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. திட்டம் மெல்ல மறைந்தது.

ஆண்டர்சன் 2011-ல் காலமானார். ஆனால் டவ் போட்டிக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் பழக்கம் நிறுவனத்துக்குள் ஊறியிருந்தது. இலக்கை எட்டிவிட்டதாக 2019-ல் அறிவித்தார்கள். தரைவிரிப்புத் தொழிற்சாலைகளின் பசுமை இல்ல வாயு வெளியேற்றம் 1996-ஐ ஒப்பிட 96 விழுக்காடு குறைந்தது என்பது அவர்கள் தந்த கணக்கு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை விலைக்கு வாங்கியதும் இதில் அடங்கும். நைலான் நூல் தயாரிக்கும் வேறு கம்பெனிகளின் புகை இந்த 96-ல் அடங்காது. இந்த "அடங்கும், அடங்காது" விவகாரத்துக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவோம்.

எண்ணெய்க் கம்பெனிக்குள் ஒரு சந்தை

மூன்றாவது கதை பி.பி. பிரிட்டனின் பெரிய எண்ணெய் நிறுவனம். 1997 மே மாதம் அதன் தலைவர் ஜான் பிரவுன், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசினார். பருவநிலை மாற்றத்தை இனியும் அலட்சியப்படுத்த முடியாது, நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். ஓர் எண்ணெய்க் கம்பெனித் தலைவர் அப்படிப் பேசியது அன்று பெரிய செய்தி. மறு ஆண்டே, 1990 அளவிலிருந்து 10 விழுக்காட்டை 2010-க்குள் குறைப்போம் என்று இலக்கு அறிவித்தார்.

எப்படிக் குறைப்பது? பி.பி. தனக்குள்ளேயே ஒரு சந்தையை உருவாக்கியது. ஒவ்வொரு பிரிவுக்கும் இவ்வளவு டன் வாயுதான் வெளியேற்றலாம் என்று உரிமம். அதைவிடக் குறைத்த பிரிவு மிச்ச உரிமத்தை விற்கலாம். குறைக்க முடியாத பிரிவு வாங்கலாம். சில பிரிவுகளில் சோதனை செய்துவிட்டு 2000-ல் நிறுவனம் முழுவதும் கொண்டுவந்தார்கள். இதில் மேலாளர்களின் செயல்திறன் ஒப்பந்தத்தில் உற்பத்தி, லாபம் இவற்றோடு வாயு வெளியேற்றமும் ஒரு வரியாக ஏறியது.

உரிமம் வழங்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும் அல்லவா? அளந்தபோதுதான் தெரிந்தது, எரிவாயு பல இடங்களில் கசிந்தும், சும்மா காற்றில் திறந்துவிடப்பட்டும், எரித்தும் வீணாகிக் கொண்டிருந்தது என்று. அந்த வாயு மீத்தேன். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அதே சமயம் அது அவர்கள் விற்கும் சரக்கும்கூட! கசிவை அடைத்தால் புகையும் குறையும், சரக்கும் மிஞ்சும்.

2010-க்குள் என்று வைத்த இலக்கை 2001 முடிவிலேயே எட்டிவிட்டார்கள். இதற்காக நிகரச் செலவு எதுவும் ஆகவில்லை, மாறாகச் சுமார் 65 கோடி டாலர் மதிப்புக்கு ஆதாயம் என்று 2002-ல் பிரவுன் அறிவித்தார்.

கேட்கும்போது கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரு கேள்வி. பி.பி. பூமியிலிருந்து எடுத்து விற்ற எண்ணெயும் எரிவாயுவும் என்ன ஆயின? கார்களிலும் மின்நிலையங்களிலும் எரிந்தன. அந்தப் புகை பி.பி.யின் சொந்தக் குழாய்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வந்த புகையைப் போலப் பல மடங்கு. அது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. கடைக்காரர் தன் கடையைச் சுத்தமாகக் கூட்டிவிட்டார். அவர் விற்ற சரக்கு ஊரெல்லாம் குப்பையானது.

பின்னால் 2020-ல் பி.பி. இன்னொரு துணிச்சலான அறிவிப்பு செய்தது. எண்ணெய், எரிவாயு உற்பத்தியையே 2030-க்குள் 40 விழுக்காடு குறைப்போம் என்றது. அதாவது எல்லைக்கு வெளியே இருந்ததை உள்ளே கொண்டுவரும் முயற்சி. 2023-ல் அது 25 விழுக்காடாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கே கைவிடப்பட்டு, எண்ணெய் முதலீட்டைக் கூட்டுவோம் என்று அறிவித்தார்கள். கசிவை அடைப்பது லாபம், அதனால் நடந்தது. சரக்கைக் குறைப்பது நட்டம், அதனால் நடக்கவில்லை. இந்த வரலாற்றில் மறைக்க முடியாத உண்மை இது.

எல்லைக்கோடு எங்கே?

இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியுமா? முடியாது. நிதிக் கணக்கியலுக்குத் தரநிலைகள் இருப்பதுபோல் இதற்கும் வேண்டும். 1998-ல் உலக வள நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கின. 2001-ல் முதல் பதிப்பும் 2004-ல் திருத்திய பதிப்பும் வந்தன. இன்று உலகம் முழுவதும் நிறுவனங்கள் பயன்படுத்துவது அந்த முறையைத்தான். அது வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

ஸ்கோப் 1: நிறுவனம் தானே எரிப்பது. பாய்லர், ஜெனரேட்டர், சொந்த வண்டிகள்.

ஸ்கோப் 2: விலைக்கு வாங்கும் மின்சாரத்தைத் தயாரிக்க வேறெங்கோ எரிந்தது.

ஸ்கோப் 3: மற்ற எல்லாம். மூலப்பொருள் தயாரித்தவரின் புகை, சரக்கு லாரி, ஊழியர் பயணம், விற்ற பொருளைப் பயன்படுத்தும்போது வருவது.

சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடையின்போது ஓடும் டீசல் ஜெனரேட்டர் ஸ்கோப் 1. ஏ.சி.யும் கணினிகளும் இழுக்கும் மின்சாரம் ஸ்கோப் 2. ஊழியர்கள் வந்துபோகும் வாடகைக் கார்களும், வெளிநாட்டு விமானப் பயணமும் ஸ்கோப் 3. விளக்கை அணைக்கச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டுவது நல்லதுதான். ஆனால் மூன்றையும் அளக்காமல் எது பெரிது என்று எப்படித் தெரியும்?

ஸ்கோப் 3-ஐ எப்படிக் கணக்கிடுவது என்ற விரிவான தரநிலை 2011-ல்தான் வந்தது. பி.பி. சாதனை அறிவித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தக் கணக்கு, சட்டத்தின் வழியாக வந்தது. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் நிறைவேறியது. அதிக எரிபொருள் செலவழிக்கும் ஆலைகள் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், எரிசக்தித் தணிக்கை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அதில்தான் வந்தது. 2012-ல் சிமெண்ட், இரும்பு, உரம், அனல்மின் நிலையம் உள்ளிட்ட 8 துறைகளில் 478 ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் சான்றிதழ் பெற்று, எட்டாதவருக்கு விற்கலாம். பி.பி. தனக்குள் செய்து பார்த்த அதே யோசனைதான், நாட்டளவில். முதல் மூன்றாண்டுச் சுற்றின் இலக்கு, சுமார் 67 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு. கிடைத்தது சுமார் 87 லட்சம் டன்.

அடுத்தது செபி. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை ஒன்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றது. ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கட்டாயப் பகுதியில் வந்தன. ஸ்கோப் 3 விருப்பப் பகுதியில் வைக்கப்பட்டது. எல்லைக்கோடு இங்கேயும் அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா?

முடிவுரை

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரியும் பாடங்கள் இவை.

ஒன்று, யோசனை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. அதைக் கேட்கவும் எழுதவும் நிறுவனத்தில் ஒரு வழி வேண்டும்.

இரண்டு, எழுதியதைப் பிறகு சரிபார்க்க வேண்டும். இன்டர்ஃபேஸ் பற்றியே இன்னொரு செய்தி உண்டு. முந்தைய ஆண்டுகளில் சில காலாண்டுகளின் பங்கு ஒன்றுக்கான வருவாயைக் கூட்டிக் காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டில், 2020-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பல காலமாகச் சட்டமும் தணிக்கையும் உள்ள பணக் கணக்கிலேயே இப்படி நடக்குமானால், நேற்று வந்த கரியமில வாயுக் கணக்கை யாரும் பார்க்காமல் விடலாமா?

மூன்று, கணக்கு ஒரு தனிமனிதரை நம்பி இருக்கக்கூடாது. நெல்சன் போனதும் போட்டி போனது. ஆண்டர்சன் போன பிறகும் இலக்கு இருந்தது.

நான்கு, லாபமும் புகைக் குறைப்பும் ஒரே திசையில் போகும் வரைதான் நிறுவனம் தானாக நடக்கும். இரண்டும் பிரியும் இடத்தில் சட்டம் வந்து நிற்க வேண்டும். அந்த இடம் எது என்பதைக் காட்டுவதும் கணக்குதான்.

இன்று பி.காம். படிக்கும் நம்மில் பலர் நாளை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உட்காரப் போகிறோம். அந்த அறிக்கையின் கட்டங்களை நிரப்பும் வேலை நம் மேசைக்கு வரும். டீசல் எவ்வளவு லிட்டர், மின்சாரம் எவ்வளவு யூனிட் என்று கேட்டு வாங்கி எழுத வேண்டியிருக்கும். போன வருஷ எண்ணில் ஐந்து விழுக்காட்டைக் கழித்து எழுதிவிடுவது மிகச் சுலபம். எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு, அப்படியே அங்கே நிற்கும் ஆபரேட்டரிடம் "அண்ணே, எங்கே வீணாகுது?" என்று கேட்டுவிட்டு வந்து எழுதுவது கொஞ்சம் சிரமம். நிஜமாகவே புகை குறைவதும் குறையாததும் அந்தச் சின்னச் சிரமத்தில்தான் இருக்கிறது.